என் துணிக்கு இடமில்லாத போர்வை

உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தூத்துக்குடியிலும் திருச்செந்தூரிலும் நான் பேசிப் பழகிய மேடைகளின் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டிய உங்களையும், என்னைப் போலவே பிழைப்புக்காக எல்லை கடந்து ஏதோ ஓர் ஊரின் வாடகை வீட்டில் இதைப் படிக்கும் உங்களையும் சேர்த்தே அழைக்கிறேன். நடுவர் நாற்காலி உங்களுக்கு இல்லை. தீர்ப்பு எனக்குத் தேவையும் இல்லை. கடந்த கிறிஸ்துமஸ் அன்று, கோலார் தங்கவயலில், ஒரு சிறிய அறையில் பகல் முழுவதும் நான் பிறருடைய துணிகளைத் தைத்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் என் பக்கம் நின்று பேச ஒருவரும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கேட்டோம் என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

இந்த ஊரின் விநோதம் ஒரு கேள்வியில் தொடங்குகிறது. நம் பக்கத்தில் புதியவனைக் கண்டால் எந்த ஊர் என்று கேட்போம். சற்று நேரம் கழித்து, அதைவிடக் கூர்மையான இன்னொரு கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்போம். இங்கே எடுத்த எடுப்பில் எந்த லைன் என்கிறார்கள். லைன் என்பது சுரங்கக் கம்பெனி தன் தொழிலாளருக்காக ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய சிறு வீடுகளின் வரிசை. சுரங்கம் மூடி ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. கூண்டில் ஏறிப் பாதாளத்துக்கு இறங்கியவர்கள் முதியவர்களாகி எங்கள் வங்கி வாசலில் வெயில் காய்கிறார்கள். ஆயினும் ஒரு மனிதனின் முகவரி இன்னும் லைன்தான். நான் வந்த முதல் வாரம், ராபர்ட்சன்பேட்டைத் தேநீர்க் கடையில் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். தூத்துக்குடி என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, அது ரயில் போய் நிற்கும் கடைசி நிலையமான மாரிகுப்பம் தாண்டி இருக்கிறதா என்று அருகில் இருந்தவரிடம் விசாரித்தார். கடலும் துறைமுகமும் உப்பளமும் கொண்ட என் நகரம் அவர் கணக்கில் ஒரு வரிசை வீடு. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஒலிபெருக்கி பழுதானாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் என்று கல்லூரியில் என்னைச் சொல்வார்கள். எழுத்தெண்ணிப் பேசவும், எதிரணியின் வாதத்தை அதன் சொற்களாலேயே மடக்கவும் பயின்றவன் நான். வங்கிப் பணி என்னை இங்கே கொண்டுவந்து கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அமர்த்தியது. அன்று முதல் என் நாவன்மை 'ஸ்வல்ப இரி' என்ற இரண்டு கன்னடச் சொற்களாகச் சுருங்கியது. கொஞ்சம் பொறுங்கள் என்று பொருள். இந்தத் தெருக்களில் பாதிப் பேர் தமிழர்தாம். ஆனால் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பணம் எடுக்க வருபவர் கன்னடமும் தெலுங்கும் பேசுவர். விவசாயி ஒருவர், கன்னடம் தெரியாதவனுக்கு இந்த நாற்காலி எதற்கு என்று கூட்டத்தின் முன் கேட்டார். பதில் சொல்ல என்னிடம் வாதம் இருந்தது, மொழி இருக்கவில்லை. தீபாவளி விடுப்பில் ஊருக்குப் போனால் வேறு வகை. அங்கே தமிழில் பேசினால் அடிப்பார்களாமே என்று மாமா கேட்பார். தங்கம் கொஞ்சம் கிடைத்ததா என்று அத்தை கேட்பார். நான் வாய்தவறி 'இன்னா' என்று சொல்லிவிட்டால் மைத்துனன் ஒரு வாரம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டுவான். உங்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் எனக்கு அமைந்த ஒரே மனிதன் ஆனந்தன். என் வயதுக்காரன், வெல்டிங் தொழிலாளி. விடியுமுன் ரயில் ஏறிப் பெங்களூருக்குப் போய், இருட்டியபின் திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவன். நான் மொழியறியாமல் பெங்களூர் ரயில் நிலையத்தில் விழித்து நின்ற ஒரு மாலையில், தன் பையால் எனக்கு ஓர் இருக்கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, தான் நின்றுகொண்டே வந்தான். மைசூர் மைன்ஸ் என்ற பழைய சுரங்கத்தின் பக்கத்தில் அவன் குடும்பம் இருக்கும் வரிசையின் கடைசி வீட்டை எனக்கு வாடகைக்குப் பேசி முடித்தவனும் அவனே. அந்த வீட்டின் சொந்தக்காரர்கள் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தவர்கள். ஆனந்தனின் தந்தை சுரங்கத்தில் மேற்பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கும் வேலை பார்த்து, மார்பு கெட்டு இறந்தவர். வீட்டில் தாயும் அக்கா சுஜாதாவும் உண்டு. தாத்தா காலத்திலேயே பௌத்தம் தழுவிய குடும்பம். சுவரில் புத்தர் படம். ஆனால் டிசம்பர் பிறந்தால் வாசலில் காகித நட்சத்திரமும் தொங்கும். அந்த வரிசையில் நட்சத்திரம் கட்டாத வீடே கிடையாது. எந்த வீட்டார் எந்தக் கோயிலுக்குப் போகிறார்கள் என்பதை நட்சத்திரத்தைக் கொண்டு எவராலும் சொல்ல முடியாது.

அந்த ஆனந்தன் போலந்து நாட்டுக்கு வெல்டராகப் போகிறான் என்ற செய்தி நவம்பரில் உறுதியாயிற்று. புத்தாண்டு முடிந்ததும் விமானம். இந்த லைனில் ஒரு வழக்கம் உண்டு. ஊரைவிட்டுத் தொலைதூரம் போகிறவருக்கு ஓர் ஒட்டுப்போர்வை தைத்துக் கொடுப்பார்கள். பழைய சேலைகளை அடுக்கடுக்காக விரித்து, அதன்மேல் வீட்டுக்கு ஒரு துண்டு என்று எல்லா வீட்டுத் துணியையும் பரப்பி, ஓரத்திலிருந்து உள்நோக்கி ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே வருவார்கள். தெலுங்கு வீட்டார் அதைப் பொந்த என்பார்கள், கன்னடக்காரர் கவுதி என்பார்கள், மற்றவர்களுக்கு அது போர்வை. துண்டு கொடுக்காத வீடு பகைத்த வீடு. துண்டு கேட்கப்படாத வீடு, லைனில் இல்லாத வீடு. மார்கழியிலும் மின்விசிறி போட்டு உறங்கும் கடற்கரைக்காரனுக்கு இந்தக் கம்பளிக் குளிரும் புதிது, இந்த வழக்கமும் புதிது. நம் வீடுகளில் பழைய துணி எங்கே போகும் என்பது உங்களுக்குத் தெரியும். பாத்திரக்காரர் தெருவில் கூவினால், கைப்பிடி உடைந்த வாளிக்கு மாற்றாக நம் பழைய சட்டைகள் கைமாறிவிடும்.

கிறிஸ்துமஸ் காலையில் பனி வாசல்வரை வந்து நின்றது. வங்கிக்கும் விடுமுறை, சுஜாதா அக்கா வேலை பார்க்கும் பெங்களூர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கும் விடுமுறை. போர்வையை அன்றே முடித்துவிடுவது என்று ஏற்பாடு. நான் போனபோது முன்னறையில் பாய் விரித்து, அதன்மேல் சேலைகளை நீவிப் பரப்பியிருந்தார்கள். ஆனந்தனின் அம்மா பருத்த ஊசிகளில் இரட்டை நூல் கோத்து, ஒரு தலையணையில் வரிசையாகக் குத்தி வைத்திருந்தார். அடுத்த வீட்டு லூர்து மேரி அக்கா தேவாலயத்திலிருந்து திரும்பியவர், தட்டு நிறையக் கேக்கும் கல்கலும் ரோஸ் குக்கீஸும் கொண்டுவந்து வைத்துவிட்டு, புதுச்சேலையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தைக்க அமர்ந்தார். ஆண்கள் தைப்பதை இங்கே யாரும் வியப்பதில்லை. வேலைக் கால்சட்டையின் முழங்காலைத் தாமே ஒட்டுப்போட்டுக்கொண்ட தகப்பன்மாரின் பிள்ளைகள் இவர்கள். ஆனந்தன் எனக்குத் தன் அருகில் இடம் காட்டினான். அடுப்பில் இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் கொதித்தது. வெளியே யாரோ வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கியில் கிறிஸ்துமஸ் பாடல் ஓடியது. அந்த நேரத்தில் என்னைக் கேட்டிருந்தால், உலகில் வேறெங்கும் இருக்க விரும்பவில்லை என்று சொல்லியிருப்பேன்.

என்னிடம் எவரும் துண்டு கேட்டிருக்கவில்லை. கேட்க மறந்தார்கள் என்றே நான் எண்ணினேன். அழைப்பிதழில் பெயர் விடுபட்டாலும் மேடையேறிப் பழகியவன், ஆகவே நானே கொண்டு போயிருந்தேன். அந்த ஆண்டு மே மாதம் புத்த பூர்ணிமைக்கு இதே லைனில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. இருந்து போராடுபவன் வாழ்கிறானா, பெயர்ந்து போனவன் வாழ்கிறானா என்பது தலைப்பு. இரண்டாவது அணி எனக்குச் சீட்டில் விழுந்தது, பேசினேன், வென்றேன். விழாக்குழுவின் சார்பில் ஆனந்தனே எனக்குப் பொன்னாடை போர்த்தினான். அந்த நீலப் பொன்னாடையைத்தான், மடிப்புக் கலையாமல், கண்ணாடித்தாள் உறையோடு எடுத்துப் போயிருந்தேன். லைன் எனக்குக் கொடுத்த துணியை லைனின் போர்வைக்கே கொடுப்பதைவிடப் பொருத்தம் என்ன இருக்க முடியும்? உறையைப் பிரித்துச் சேலைகளின் நடுவில் விரித்தேன். சரிகை பளபளத்தது. ஊசிகள் நின்றன. லூர்து மேரி அக்கா வாயில் இருந்த கேக்கை மெல்லாமல் என்னைப் பார்த்தார். ஆனந்தனின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்.

சுஜாதா அக்கா அதுவரை என்னைத் தம்பி என்றே அழைத்து வந்தவர்.

"இன்னா சார் இது? தூர தேசம் போற புள்ளைக்கிப் போர்வைக்குத் துணின்னா, கோடி எடுத்துகினு வந்துகிறீங்க" என்றார்.

இறந்தவர்மேல் போர்த்தும் புதுத்துணியைச் சொல்கிறார் என்று உணர எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. உடம்பில் படாத, தண்ணீர் காணாத முழுத்துணி எதற்கு உரியது என்பது நமக்கும் தெரியும். ஆனால் பொன்னாடையை அந்தக் கண்ணால் பார்க்க மேடைக்காரனுக்குத் தோன்றாது. எங்கள் வீட்டு அலமாரியில் அவை அடுக்கடுக்காக உறங்குகின்றன; ஒருவர் போர்த்தியதை மறுவாரம் வேறொருவருக்குப் போர்த்துகிறோம். நான் பின்வாங்கவில்லை. மரியாதைக்கு அடையாளமான துணி அமங்கலம் ஆகாது என்றேன். இதைப் போர்த்தியது உங்கள் தம்பியின் கை என்றேன். கொடுத்தவருக்கே திரும்பி வரும்போது அது புதுத்துணி அல்ல, லைனின் சொத்து என்றேன். மூன்றும் நல்ல வாதங்கள்; இன்றும் அவற்றில் ஒன்றைக்கூட நான் கைவிடவில்லை. என் குரல் என்னை அறியாமலே உயர்ந்திருக்க வேண்டும். பாட்டு ஓடிய வீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சுஜாதா அக்கா துணியைத் தொடாமல், அதன் ஓரத்தை ஊசி நுனியால் தூக்கி, என் பக்கம் தள்ளினார். இது பாலியஸ்டர், தையல் நிற்காது, தொழிற்சாலையில் நாள் முழுக்க இதோடுதான் மல்லுக்கட்டுகிறேன் என்றார். அதோடு விட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். விடவில்லை. இந்தப் பொன்னாடை எந்தப் பேச்சுக்குக் கிடைத்தது என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். போனவன்தான் வாழ்ந்தான் என்று நான் பேசப் பேச, முன்வரிசையில் எவன் உட்கார்ந்து கைதட்டினான் என்று கேட்டார்.

"மறுநாளே பாஸ்போர்ட்டுக்கு அலைய ஆரம்பிச்சான். ஊட்டுல ஒரு ஆம்பள. அவனையும் கெளப்பிவுட்டுட்டு, இப்போ வழியனுப்ப சால்வையும் கொண்டாந்துகிறீங்க."

அந்த அணி எனக்குச் சீட்டில் விழுந்தது, மறு அணி விழுந்திருந்தால் அதையும் வென்றிருப்பேன் என்றேன். பட்டிமன்றத்தின் அடிப்படையே அதுதான். உங்களில் மேடை அறிந்தவர்கள் இதை ஒப்புவீர்கள். அவர் ஒப்பவில்லை. ஊசியை நூலோடு சேலையில் குத்தி நிறுத்திவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"அப்போ உங்க வாயிலேர்ந்து வர்ற வார்த்தைக்கு ஜாமீன் யாரு சார்?"

என்னால் மறுமொழி சொல்ல முடியாமல் போனது இரண்டாவது முறை. முதல் முறை, வங்கியில் அந்த விவசாயியின் முன், என்னிடம் மொழி இல்லை. இம்முறை மொழி இருந்தது.

அப்போதுதான் ஆனந்தன் வாய் திறந்தான். அவன் எனக்காகப் பேசுவான் என்று காத்திருந்தேன். அவன் தையலிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னான். "அக்கா, சும்னே அவன ஏன் புடிச்சிகினு இருக்கே? அவன் பேசுனதுக்கு நான் போகல. பேச்சு நல்லா இருந்துச்சி, கைதட்டுனேன், அவ்ளோதான். ட்ரெயின்ல நின்னுகினே எனக்கு வயசாவுது. அதான் போறேன்." என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான். ஆனால் ஒரு பேச்சாளனிடம், உன் பேச்சால் எதுவும் நடக்கவில்லை என்று சொல்வதைவிடக் கொடிய சொல் எது? குற்றவாளியாக நிற்பதில்கூட ஒரு பெருமை இருந்தது என்பதை அந்தக் கணத்தில் கண்டேன். அவன்மேல் எனக்குக் கோபம் பொங்கியது. என்னை இந்த வரிசைக்குக் கூட்டிவந்தவன் என்னை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறான். அதற்கான காரணத்தில்கூட எனக்குப் பங்கில்லை.

எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. போகச் சொல்லவும் அவர்கள் சொல்லவில்லை. பண்டிகை நாளில் வந்தவரை எழுப்பி அனுப்பும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை. மேலும், இருட்டுமுன் முடிக்க இன்னொரு கை வேண்டியிருந்தது. ஆகவே நான் தைத்தேன். பொன்னாடையை மடித்து என் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டு, பிறருடைய துணிகளைத் தைத்தேன். லூர்து மேரி அக்காவின் பழைய சன்னல் திரை. தெலுங்கு வீட்டாரின் கட்டம் போட்ட துண்டு. ஆனந்தனின் தந்தை போட்டிருந்த காக்கிச் சட்டையின் முதுகுப் பகுதி. அதை மட்டும் அவன் அம்மாவே தைத்தார், வேறு யாரும் ஊசி வைக்கவில்லை. என் தையல் நேராக ஓடவில்லை. லூர்து மேரி அக்கா அதை விரலால் தடவிப் பார்த்து, "சயனைடு மேடு மாதிரி ஏறி எறங்குது, போலந்துக்காரன் பாத்தா இன்னா நெனப்பான்" என்றார். சுரங்கக் கழிவு மண் குன்றுகளாகக் குவிந்த மேட்டைத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். கேக் தட்டு என்னைத் தாண்டிப் போகாமல் என் முன்னும் நின்றது. தேநீர் எனக்கும் வந்தது. வெறுப்போடு பரிமாறப்படும் தேநீர் சூட்டில் குறைவதில்லை என்பதையும் அன்று அறிந்தேன்.

மதியத்துக்குப் பின் ஒரு சிவப்புத் துண்டு என் கைக்கு வந்தது. குழந்தைகளின் கவுன் துணி. சிறு சிறு வெள்ளைப் பூக்கள். யார் வீட்டுத் துண்டு என்று கேட்டேன். கடைசி வீடு என்றார் ஆனந்தனின் அம்மா. கடைசி வீடு நான் குடியிருக்கும் வீடு. நான் சமைத்து, உறங்கி, மழைக்கு ஒழுகும் ஓடுகளை மாற்றிய வீடு. அந்த வீட்டின் பெயரில், பெங்களூரில் வாழும் சொந்தக்காரர்கள் போன மாதமே தம் மகள் இங்கே இருந்தபோது போட்ட பழைய கவுனைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். என் கை நின்றது. இம்முறை நான் மேடைக்குரலில் பேசவில்லை. போனவர்களுக்குப் போர்வையில் இடம் உண்டு, இருப்பவனுக்கு இல்லையா என்று மெதுவாகத்தான் கேட்டேன்.

"அவங்க திரும்பி வருவாங்க" என்றார் சுஜாதா அக்கா.

எப்போது என்று கேட்டேன். அது அவர்கள் பாடு என்றார். பிறகு, தைத்துக்கொண்டே, கோபம் இல்லாத குரலில், கோபத்தைவிட மோசமான குரலில், எனக்கு ஒரு விளக்கம் சொன்னார். இந்த வரிசைக்கு ஒரே கொடிதான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் கட்டியது. எல்லா வீட்டுத் துணியும் அதில்தான் காய்கிறது. காற்று வீசினால் சயனைடு மேட்டின் சாம்பல் தூசி எல்லாவற்றின் மேலும் படிகிறது. எத்தனை துவைத்தாலும் அந்தத் துணிகளில் ஒரு மங்கல் நிற்கும். அப்படி மங்கிய துணிதான் போர்வைக்கு. "உங்க துணி ஒருநாளாச்சும் அந்தக் கொடியில காஞ்சிகிதா? வெள்ளச் சட்ட அழுக்காயிடும்னு ராபர்ட்சன்பேட்ட லாண்டரிக்கிக் குடுத்துடுறீங்க. பழசானா ஊருக்கு எடுத்துகினு போறீங்க. இங்க உங்களுது எது சார் பழசு? எதக் கேக்கறது உங்ககிட்ட?"

நீங்கள் என் சாட்சிகள். இந்த வாதத்துக்கு மறுப்பு இருந்தால் எனக்கு எழுதுங்கள். நான் அன்று மாலைவரை தேடினேன். என் சட்டைகள் வெள்ளை, மேடைக்காக வாங்கியவை. காலர் நைந்ததும் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுபோவேன். என் அம்மா பாத்திரக்காரரிடம் போடுவாள். ஊரில் புதுச்சட்டை எடுத்து இங்கே வருவேன். இந்த மண்ணில் என்னுடையதாக எதுவும் நைந்ததில்லை. என் ஊரிலோ, நான் நைந்தவற்றைக் கொண்டுபோய்க் கொட்டுபவன். இவர்களுடைய பகையில் அநியாயம் இருந்தது, கணக்கில் இல்லை. அந்த இரண்டையும் ஒரே வாயில் வைத்திருந்த அந்தப் பெண்ணை நான் வெறுத்தேன். அவர் தைத்த கோடு மட்டும் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடிக்கொண்டிருந்தது.

விளக்குப் போடும் நேரத்தில் தையல் நடுவில் வந்து கூடியது. ஆனந்தன் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். நட்சத்திரங்கள் வரிசை முழுக்க எரிந்தன. வீடு வீடாக மக்கள் வந்து தத்தம் துண்டைத் தேடித் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். இது என் பாவாடை, இது எங்கள் அப்பா லுங்கி என்று ஒரே ஆரவாரம். நான் படியோரம் நின்றேன். அந்தப் போர்வையில் என் கோணல் தையல் இருந்தது. என் துணி இல்லை. ஆனந்தன் என்னருகே வந்து, "கோச்சிக்காதே மச்சா, அக்கா அப்படித்தான்" என்றான். கோபித்துக்கொள்வேன் என்றேன். கோபித்துக்கொண்டேன். அடுத்த மூன்று நாட்கள் அவனைப் பார்க்கப் போகவில்லை. அவன் இங்கே இருக்கப்போகும் நாட்கள் எத்தனை குறைவு என்று தெரிந்தும் போகவில்லை.

அவன் புறப்பட்ட காலை, பெங்களூர் விமான நிலையத்துக்கு வாடகைக் கார் வந்து நின்றது. பெட்டியின் எடை கூடிவிட்டதென்று சட்டைகளையும் ஊறுகாய்ப் பாட்டிலையும் வெளியே எடுத்தார்கள், போர்வையை எடுக்கவில்லை. அதைக் கயிறு போட்டுக் கட்டிக் கைப்பையாக்கினார்கள். அவன் அம்மாவின் காலைத் தொட்டான். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். என்னிடம் வந்தபோது, போய் வா என்ற இரண்டே சொல்லில் திக்கினேன். மேடையில் நான் ஒருநாளும் திக்கியதில்லை. கார் திரும்பி மறைந்தபின் வரிசையே வாசலில் நின்றது. யாரும் உள்ளே போக முதல் அடி வைக்கவில்லை. கொடியில் லூர்து மேரி அக்கா வீட்டுத் துணிகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன.

சுஜாதா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நான் தூத்துக்குடிக்கு மாற்றல் கேட்டிருப்பது லைன் முழுக்கத் தெரியும். நானே பெருமையாகச் சொல்லிவைத்ததுதான். "அடுத்தது நீங்கதான். மாத்தல் எப்போ சார் வருது?" என்றார். அதே கணத்தில் என் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்க்காமலே தெரியும், ஊரிலிருந்து என் அம்மா. தினமும் அந்த நேரத்தில் அழைத்து, எய்யா, மாத்தல் வந்துட்டா என்று ஒரே கேள்வி கேட்பாள். ஒரே கேள்வியை, ஒருத்தி நான் போவதற்காகவும், ஒருத்தி நான் வருவதற்காகவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மார்பின்மேல் அந்த அதிர்வு அடங்கவில்லை. நான் அதை எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. எனக்குச் சீட்டுக் குலுக்கிக் கொடுக்க அங்கே யாரும் இல்லை. வரிசை முழுவதும் கேட்கும்படி, கடைசி வீட்டுவரை கேட்கும்படி சொன்னேன்:

"மாத்தல் வேண்டாம்னு நாளைக்கே எழுதிக் குடுத்துருதேன், அக்கா. இன்னையிலேருந்து என் சட்டை இந்தக் கொடியிலதான் காயும். ஆனந்தன் மொத லீவுல வரும்போது, இந்த மண்ணு ஏறி நைஞ்சுபோன சட்டை ஒண்ணு என்கிட்ட இருக்கும். அத நீங்க வெட்டிக் குடுங்க. அவன் போர்வையில தைக்கது நான்."